ஐடில் பேசலேன்னா அது பாப்பா தப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பரோட வந்த கல்வி இணைப்புல பிளஸ் 1ல என்ன குரூப் எடுக்கலாம்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. எங்க வீட்டுல தோசை ஊத்திக்கிட்டே எனக்குப் படிச்சுக் காட்டினாங்க, பயாலஜி, காமர்ஸ்னு வரிசையா வந்துச்சு, கம்ப்யூட்டர் சயின்ஸ் வந்ததும் பாதி வரியில சத்தம் நின்னு போச்சு. என்னடி ஆச்சுன்னு கேட்டா, "ஒண்ணுமில்லைங்க, தோசை கருகுது"ன்னாங்க. தோசை வாசனை நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் நானே வற்புறுத்தி படிக்க வெச்சேன். "பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்கள் நிரல் எழுத வேண்டியிருப்பதால் இப்பாடப்பிரிவைத் தவிர்ப்பது நல்லது"ங்கற மாதிரி ஒரு வரி.

எனக்கு பிறவியிலேயே கண்ணு தெரியாதுங்க. திருச்சி பக்கம் ஊரு, ஒரு ஆபீஸ்ல வேலை, கம்ப்யூட்டர்லதான் நாள் முழுக்க. இந்த வரியை நான் முதல் தடவை கேக்கல, 1997ல பத்தாவது முடிச்சப்போ எங்க ஹெட்மாஸ்டரும் இதைத்தான் சொன்னார், நீ வரலாறு குரூப் எடுத்துக்கடான்னு. அன்னிக்கு அவர் சொன்னது ஓரளவுக்கு நியாயம், பேசற கம்ப்யூட்டர் எங்க ஊர்ல யாருமே பாத்ததில்ல. இன்னிக்கும் அதே வரி வருதுன்னாதான் கஷ்டமா இருக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தியாவுல எங்கள மாதிரி ஆளுங்க நிறைய பேர் வெச்சிருக்கற ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில இருக்கறத வாய் விட்டு படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர், பேரு என்விடிஏ. காசு கிடையாது, தமிழ்லயே மெனு வரும். 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது, அப்புறம் ஜேம்ஸ் டே சேந்துக்கிட்டார், ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது. அத அவங்க எழுதினது எதுலன்னு நெனைக்கறீங்க, பைத்தான்ங்கற புரோகிராம் மொழியில. நம்ம பிளஸ் 2 கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துல இருக்கே, அதே பைத்தான்தான். கண்ணு தெரியாதவங்க எழுதின பைத்தான் புரோகிராம வெச்சுத்தான் நான் இந்த லெட்டரையே டைப் அடிக்கறேன், அப்படி இருக்கறப்போ பைத்தான் எங்களுக்கு ஆகாதுன்னா எங்க போய் முட்டிக்கறது. நம்ம நாட்டுலயே டி.வி. ராமன்னு ஒருத்தர், 14 வயசுல பார்வை போனவர், ஐஐடி பாம்பேல படிச்சு அமெரிக்கா போய், புரோகிராம் எழுதற ஈமாக்ஸ்ங்கற சாஃப்ட்வேரையே பேச வெச்ச ஈமாக்ஸ்பீக்கை 1990கள்லயே எழுதி வெளியிட்டுட்டார். பழைய கதைங்க இதெல்லாம்.

ஆனா அந்த கட்டுரைய எழுதினவர் மேல முழுசா பழி போடவும் மனசு வரல. அவர் யாரோ ஒரு டீச்சர்கிட்ட கேட்டிருப்பார், அந்த டீச்சர் லேப்ல கண்ணால பாத்ததத்தான் சொல்லியிருப்பார். என்ன பாத்திருப்பார்னு எனக்கு தெரியும், ஏன்னா அந்த கதை என் வீட்டு போன்லயே நடந்துச்சு.

என் ஃபிரெண்டோட அக்கா பொண்ணு, பிளஸ் 2 படிக்கறா, அவளுக்கும் பார்வை கிடையாது. பிடிவாதம் பிடிச்சு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா. பிளஸ் 1ல சி பிளஸ் பிளஸ் எப்படியோ சமாளிச்சுட்டா. ஜூன் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நைட்டு ஒம்பது மணி இருக்கும், போன். "மாமா, பைத்தான் பேசவே மாட்டேங்குது." அழுகைய அடக்கிக்கிட்டு பேசறது தெரிஞ்சுது. லேப்ல சார் புத்தகத்துல இருக்கற மாதிரியே பைத்தானோடவே வர்ற, புரோகிராம் எழுதற ஐடில்ங்கற சாஃப்ட்வேர திறந்து குடுத்தாராம், என்விடிஏ ஜன்னல் பேர மட்டும் சொல்லிட்டு கம்முனு ஆயிடுச்சாம். மேல அம்புக்குறி, கீழ அம்புக்குறி, ஹோம், எண்டு, எத அழுத்தினாலும் சத்தம் இல்ல. பக்கத்துல பசங்க எல்லாரும் ஹலோ வேர்ல்டு அடிச்சு முடிச்சுட்டாங்க. சார் நல்ல மனுஷன்தான், கொஞ்ச நேரம் பாத்துட்டு "உனக்கு இது செட் ஆகாதும்மா, தியரி படிச்சுக்க, பிராக்டிகல பாத்துக்கலாம்"னு சொல்லிட்டார்.

வீட்டு லேப்டாப்ல ஐடில திறக்கச் சொல்லி போன ஸ்பீக்கர்ல போடச் சொன்னேன். அதே மௌனம். நான் கேட்டேன், ஆல்ட் டேப் போட்டு வேற விண்டோவுக்கு போனா பேசுதா? பேசுது. நோட்பேட்ல? பேசுது. அப்ப என்விடிஏ நல்லாத்தான் இருக்கு, பைத்தானும் நல்லாத்தான் இருக்கு, நடுவுல நிக்கற ஐடில்தான் ஊமை.

அது ஏன்னு வாசகர்களுக்கும் சொல்லிடறேன், ஏன்னா லேப்ல இருக்கற சார்களுக்கே இது தெரியறதில்ல. ஸ்கிரீன் ரீடர் திரைய கண்ணு மாதிரி பாத்து படிக்காது. ஒவ்வொரு புரோகிராமும் விண்டோஸ்கிட்ட "இது பட்டன், இது எழுதற பெட்டி, அதுக்குள்ள இந்த எழுத்து இருக்கு"ன்னு தனியா சொல்லி வெக்கணும், அத கேட்டுத்தான் ஸ்கிரீன் ரீடர் நமக்கு சொல்லும். ஐடில் டி.கே.ங்கற கருவித் தொகுப்ப வெச்சு கட்டினது, அது எழுத்த திரையில வரைஞ்சுட்டு போயிடும், விண்டோஸ்கிட்ட எதுவும் சொல்லாது. வாசல்ல கோலம் போட்டா பாக்கறவங்களுக்கு அழகு, தடவிப் பாக்கறவனுக்கு வெறும் மாவு, அந்த கதைதான். பாப்பா எத்தனை கீ அழுத்தினாலும் அதுல இருந்து சத்தம் வராது, அவ மேல துளி தப்பு இல்ல.

சரி, ஐடில் வேணாம், விண்டோஸ் கீயோட ஆர் அழுத்தி சிஎம்டி அடி, கட்டளைய டைப் அடிக்கற கமாண்டு பிராம்ப்ட் ஜன்னல் வரும், அதுல பைத்தான்னு அடிச்சு என்டர் தட்டுன்னேன். தட்டினா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்குது! பாவம், அவ மறுபடியும் தன் மேல தப்புன்னு நெனச்சுட்டா. இது எல்லாருக்கும் நடக்கறதுதான், பைத்தான் இன்ஸ்டால் பண்றப்போ முதல் பக்கத்துல அடியில பாத்-ல சேக்கவான்னு ஒரு செக் பாக்ஸ் இருக்கும், அத டிக் பண்ணாம விட்டா விண்டோஸுக்கு பைத்தான் எங்க இருக்குன்னு தெரியாது, கடைக்கு கூட்டிக்கிட்டு போயிடும். பைத்தான்னு முழுசா அடிக்காம பி, ஒய் ரெண்டு எழுத்து மட்டும் அடிச்சுப் பாருன்னேன். அடிச்சா. "கிரேட்டர் கிரேட்டர் கிரேட்டர்"னு என்விடிஏ சொல்லிச்சு, பைத்தான் திறந்து தயாரா நிக்குதுன்னு அர்த்தம். அந்த மூணு கிரேட்டர கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு சின்ன சத்தம் வந்துச்சு பாருங்க, சிரிப்பா அழுகையான்னு எனக்கு பிரிச்சு சொல்லத் தெரியல.

அடுத்து நோட்பேட்ல எழுதி சேவ் பண்ணி ஓட்டணும். அங்க ஒரு பள்ளம். ஃபைல் பேரு கணக்கு டாட் பிஒய்னு குடுத்தா, ஆனா ஓட்டினா அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது. நோட்பேட் பின்னாடி டாட் டிஎக்ஸ்டின்னு ஒரு வால் ஒட்டி விட்டுடும், விண்டோஸ் அந்த வால மறைச்சு வெக்கும், அதனால ஃபோல்டர்ல பாத்தா பேரு சரியாத்தான் கேக்கும். எப்படி கண்டுபிடிச்சோம்னா, என்விடிஏ ஃபைல் பேர சொல்லிட்டு கடைசியில "டெக்ஸ்ட் டாக்குமென்ட்"னு வகைய சொல்லிச்சு, பாப்பா அதுக்குள்ள அடுத்த ஃபைலுக்கு தாவிட்டா, இரு இரு முழுசா கேளுன்னு நிறுத்தினேன். ஸ்கிரீன் ரீடர்ல வேலை பாக்கறவங்களுக்கு இருக்கற கெட்ட பழக்கம் இது, பாதி கேட்டதும் தாவிடுவோம், எனக்கும் உண்டு. சேவ் பண்றப்போ பேர டபுள் கோட்ஸுக்குள்ள போட்டா அந்த வால் ஒட்டாது.

அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க, அன்னிக்கு ராத்திரியோட பெரிய கூத்து. ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்ய வெக்கற ஃபார் லூப் எழுதி ஓட்டினா. பிழை. கடைசி வரிய படிச்சுக் காட்டுன்னேன். "சின்டாக்ஸ் எரர் எக்ஸ்பெக்டட்"னு சொல்லிட்டு என்விடிஏ நின்னுடுச்சு. என்ன எக்ஸ்பெக்டட்? எதை எதிர்பாக்குது? மறுபடி படிச்சா, அதே. பாப்பா கடுப்பாகி "என்னதான் மாமா எதிர்பாக்குது அது என்கிட்ட"ன்னா. எங்க வீட்டுல ஒரே சிரிப்பு.

விஷயம் என்னன்னா, அவ ஃபார் வரி முடிவுல கோலன், அதாவது மேலயும் கீழயும் ரெண்டு புள்ளி, போடல, பைத்தான் "கோலன் எதிர்பாத்தேன்"னு கரெக்டா அந்த குறிய போட்டே எழுதியிருக்கு, ஆனா என்விடிஏல நிறுத்தக்குறி எவ்வளவு படிக்கணும்ங்கற அளவு முதல்ல "சம்"ல இருக்கும், அந்த அளவுல கோலன், அடைப்புக்குறி, கோட்ஸ், அண்டர்ஸ்கோர் எதையும் வாய்விட்டு சொல்லாது. கதை படிக்க அது சரி. புரோகிராமுக்கு அந்த குறிங்கதானே உயிரு. என்விடிஏ கீயோட, அதாவது வழக்கமா இன்சர்ட் கீயோட, பி அழுத்தி அழுத்தி "ஆல்"னு சொல்ற வரைக்கும் போன்னேன். போய்ட்டு அதே வரிய மறுபடி படிச்சா, இப்ப கோலன்னு சொல்லுது. "அடச்சே இவ்வளவுதானா"ன்னா. இவ்வளவுதான். ஆனா இத சொல்லிக் குடுக்க ஆள் இல்லாம எத்தனை புள்ளைங்க தியரி மட்டும் படிச்சுட்டு போயிருக்கும்.

அதே மாதிரிதான் வரி தள்ளி எழுதறதும். பைத்தான்ல எந்த வரி எவ்வளவு உள்ள தள்ளி இருக்குங்கறது ரொம்ப முக்கியம், கண்ணால பாக்கறவங்களுக்கு ஒரு பார்வையில தெரிஞ்சுடும், காதால கேக்கறவனுக்கு என்ன தெரியும்? அதுக்கும் வழி இருக்கு. என்விடிஏ கீ, கண்ட்ரோல், டி மூணையும் சேத்து அழுத்தினா டாக்குமென்ட் ஃபார்மேட்டிங் செட்டிங்ஸ் வரும், அதுல லைன் இன்டென்டேஷன்னு ஒண்ணு இருக்கு, பேச்சா சொல்லவா, டோனா சொல்லவா, ரெண்டுமான்னு கேக்கும். பேச்சுன்னு வெச்சா ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி "4 ஸ்பேஸ்", "8 ஸ்பேஸ்"னு வரும். டோன்னு வெச்சா ஆர்மோனியத்துல கட்டைய ஏத்தின மாதிரி உள்ள போகப் போக சுதி ஏறும், நான் டோன்தான் வெச்சிருக்கேன், பாப்பா ரெண்டும் வேணும்னுட்டா. கண்ணு தெரிஞ்சவங்க எத்தனை ஸ்பேஸ்னு எண்ணி முழிக்கறப்போ எனக்கு சுதியிலயே தப்பு மாட்டும், கொஞ்சம் பெருமைதான், விடுங்க.

குரல் விஷயமும் சொல்லணும். அவ தமிழ் பாடம் படிக்க விண்டோஸோட தமிழ் குரல் வள்ளுவர் வெச்சிருந்தா, அருமையான குரல், ஆனா இங்கிலீஷ் கோடு படிக்க வள்ளுவரை படுத்தி எடுக்கக் கூடாது. என்விடிஏ கீ, கண்ட்ரோல், எஸ் அழுத்தி என்விடிஏவோடவே வர்ற இஸ்பீக்ங்கற குரலுக்கு மாத்தி இங்கிலீஷ் வெச்சுக்கச் சொன்னேன். கரகரன்னு தகர டப்பா மாதிரி இருக்கும், பழகிட்டா வேகத்துல அத அடிச்சுக்க ஆள் கிடையாது. எலிஃப்னு ஒரு சொல் வரும் பைத்தான்ல, இஸ்பீக் அத வேகமா சொல்றப்போ எலி எலின்னு கேக்குதுன்னு பாப்பா இன்னமும் சிரிக்கறா. ஒவ்வொரு தடவையும் குரலும் குறியும் மாத்திக்கிட்டு இருக்க வேணாம், என்விடிஏ கீ, கண்ட்ரோல், பி அழுத்தி புரொஃபைல் ஒண்ணு உண்டாக்கி அத நோட்பேடுக்கு மட்டும்னு கட்டி வெச்சா நோட்பேட் திறந்ததும் இஸ்பீக், எல்லா குறியும், ஸ்பேஸ் கணக்கும் தானா வந்துடும், வேர்டுக்கு போனா பழையபடி வள்ளுவர் பேசுவார்.

ராத்திரி பதினொன்னரை ஆச்சு. ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் ஏழாம் வாய்ப்பாடு ஓடுச்சு. அக்கா, அதான் பாப்பாவோட அம்மா, போன வாங்கி "அவளுக்கு காலையில ஸ்கூல் இருக்கு தம்பி"ன்னு திட்டினப்புறம்தான் வெச்சோம்.

இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். மறுநாள் மத்தியானம் ஸ்கூல்ல இருந்து போன். "மாமா, கமாண்டு பிராம்ப்டும் பேசல." என்னடா இது. லேப் கம்ப்யூட்டர்ல என்விடிஏ இன்ஸ்டால் பண்ணல, அவ பென் டிரைவ்ல போர்ட்டபிள் காப்பி எடுத்துட்டு போயிருந்தா, அது நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சாம், சார் வந்து கமாண்டு பிராம்ப்ட திறந்து குடுத்ததும் செத்துப் போச்சாம், எந்த கீக்கும் பதில் இல்ல, ஆல்ட் டேப் போட்டு வெளிய வந்தா உயிர் வந்துடுதாம். எனக்கு சட்டுனு பொறி தட்டிச்சு. பக்கத்துல இருக்கற பொண்ண அந்த விண்டோ தலைப்புல என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லும்மான்னேன். "அட்மினிஸ்ட்ரேட்டர்"னு ஆரம்பிக்குதுன்னு சொல்லிச்சு.

சார் உதவி பண்றேன்னு ரைட் கிளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்திருக்கார். போர்ட்டபிள் என்விடிஏவுக்கு சாதாரண ஆளோட உரிமைதான் இருக்கும், அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்த புரோகிராம் பக்கத்துல அத விண்டோஸ் அண்டவே விடாது, விண்டோஸ் நடுவுல "அனுமதிக்கவா"ன்னு கேக்குதே அந்த திரையையும் படிக்க விடாது. கம்ப்யூட்டர்ல முறையா இன்ஸ்டால் பண்ணின என்விடிஏவுக்கு இந்த தொல்லை கிடையாது. பைத்தான் ஓட்ட அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையே தேவையில்ல, சாதாரணமா திறந்தா போதும். சார்கிட்ட போன குடுக்கச் சொல்லி பேசினேன், மனுஷன் ஆச்சரியப்பட்டு "இது யாரும் எங்களுக்கு சொன்னதில்லைங்க"ன்னார். அடுத்த வாரமே ஒரு கம்ப்யூட்டர்ல என்விடிஏவ இன்ஸ்டால் பண்ணிட்டார், அதுக்காக அவருக்கு பெரிய நன்றி. அவர் பேர போட ஆசைதான், அவர் வேணாம்னுட்டார்.

சின்ன சின்னது ரெண்டு மூணு சொல்லிட்டு அடுத்ததுக்கு போறேன். கமாண்டு பிராம்ப்ட்ல பிழை செய்தி நீளமா வந்தா கடைசி வரியத்தான் முதல்ல படிக்கணும், நம்பர் பேடு 7 அழுத்தினா மேல் வரி, 9 அழுத்தினா கீழ் வரி, ஆனா நம் லாக் போட்டிருந்தா படிக்கறதுக்கு பதிலா 7777ன்னு டைப் ஆகும், திட்டாதீங்க. புரோகிராம் எழுதற விஎஸ் கோடுங்கற சாஃப்ட்வேர் நல்லாவே பேசும், ஷிஃப்ட் ஆல்ட் எஃப் 1 அழுத்தினா ஸ்கிரீன் ரீடருக்கு ஏத்த மாதிரி மாறிக்கும், டேப் அழுத்தினா எடிட்டர விட்டு வெளிய வர மாட்டேங்குதுன்னா கண்ட்ரோல் எம், ஆனா பழைய லேப் மெஷின்ல அது மூச்சு வாங்கும், நோட்பேடே போதும். ஜாஸ்ங்கற இன்னொரு ஸ்கிரீன் ரீடர் வெச்சிருக்கறவங்க அதோட ஸ்கிரிப்ட் மேனேஜர திறக்க இன்சர்ட்டோட 0 அழுத்தறப்போ மேல் வரிசை 0 அழுத்தணும், அதுவும் எந்த புரோகிராமுக்கு எழுதணுமோ அதுல நின்னுக்கிட்டு அழுத்தணும், டெஸ்க்டாப்ல நின்னு அழுத்திட்டு என் ஃபைல காணோம்னு தேடறவங்கள நான் பாத்திருக்கேன்.

இப்ப என் சொந்த கதை. பாப்பா கதையில கம்ப்யூட்டர் பேசாம இருந்துச்சு. என் கதையில பேசிச்சு, ஆனா முடியாதுன்னு பேசிச்சு. ரெண்டும் வேற வேற நோவு, மருந்தும் வேற.

எங்க ஆபீஸ்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல 11 பட்டன், ஒண்ணுக்கும் பேர் வெக்கல, எல்லாம் படம். என்விடிஏ போய் நின்னா "பட்டன், பட்டன், பட்டன்". எது சேவ், எது டெலீட்? வருஷக்கணக்கா டேப் எத்தனை தடவ அழுத்தினேன்னு எண்ணி எண்ணி வேலை பாத்தேன், ஒரு தடவ எண்ணிக்கை தப்பி ஒரு என்ட்ரிய அழிச்சு வாங்கிக் கட்டிக்கிட்டதும் உண்டு. அப்புறம்தான் உக்காந்து 20 வரியில பைத்தான்ல ஒரு ஆப் மாட்யூல், அதாவது அந்த ஒரு சாஃப்ட்வேர எப்படி படிக்கணும்னு என்விடிஏவுக்கு சொல்லிக் குடுக்கற ஃபைல், எழுதினேன். என்விடிஏல பைத்தான் கன்சோல்னு ஒண்ணு இருக்குங்க, என்விடிஏ கீ, கண்ட்ரோல், இசட். அதுல இருந்து நான் நிக்கற பட்டன பத்தி என்விடிஏவுக்கு என்னென்ன தெரியும்னு நோண்டிப் பாக்கலாம். அப்படி பாத்து 11 பட்டனுக்கும் பேர் வெச்சேன், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல டெவலப்பர் ஸ்கிராட்ச்பேட்ங்கறத ஆன் பண்ணி அந்த ஃபோல்டர்ல ஃபைல போட்டேன். அன்னிக்கு முதல் தடவையா அது "சேவ் பட்டன்"னு சொன்னப்போ நான் சீட்ட விட்டு எந்திரிச்சு போய் டீ குடிச்சுட்டு வந்தேன்.

அப்புறம் கம்ப்யூட்டரெல்லாம் மாத்தினாங்க. புது மெஷின்ல என்விடிஏ இருந்துச்சு, ஆனா என் 20 வரிய போட முடியல. கன்சோல் கீய அழுத்தினா வரல. முதல்ல கீ தப்போன்னு பாத்தேன், என்விடிஏ கீயோட 1 அழுத்தினா இன்புட் ஹெல்ப் வரும், அப்ப எந்த கீய அழுத்தினாலும் அது என்ன வேலை செய்யும்னு மட்டும் சொல்லும், கீ சரிதான்னு சொல்லிச்சு. வெளிய வந்து மறுபடி அழுத்தினா, பாதுகாப்பான சூழல்ல இது கிடையாதுங்கற மாதிரி ஒரு வாக்கியம். டூல்ஸ் மெனுவுல பாத்தா கன்சோலும் இல்ல, லாக் பாக்கறதும் இல்ல. தினம் காலையில பேச்சு வேகத்த கூட்டி வெப்பேன், மறுநாள் வந்தா பழைய ஆமை வேகம், எதுவும் சேவ் ஆகல. அப்பதான் புரிஞ்சுது, மெஷின செட் பண்ணின ஆளு என்விடிஏவ செக்யூர் மோடுக்கு கட்டாயமா தள்ளி வெச்சிருக்கார், கம்ப்யூட்டர் முழுக்கவுக்கும்.

செக்யூர் மோடு தப்பான சமாச்சாரம் இல்ல. பாஸ்வேர்டு கேக்கற திரையில என்விடிஏவுக்கு பெரிய அதிகாரம் இருக்கும், அந்த இடத்துல யாரோ வந்து கன்சோல திறந்தா வீட்டு சாவியக் குடுத்த மாதிரி, அதனால அங்க பூட்டித்தான் வெக்கணும். நான் லாகின் பண்ணி உள்ள வந்து வேலை பாக்கற மேஜையிலயும் அதே பூட்ட போட்டதுதான் வம்பு. ஐடி ஆளுங்ககிட்ட கேட்டா "செக்யூரிட்டி சார்"னு ஒரே பதில். நான் மெயில் அனுப்ப, அவங்க மௌனமா இருக்க, அப்படியே ரெண்டு மாசம் போச்சு, அந்த ரெண்டு மாசமும் டேப் எண்ணிக்கிட்டே வேலை பாத்தேன். கடைசியில ஒரு சின்ன வயசு தம்பி பக்கத்துல வந்து உக்காந்து, "அண்ணே அந்த 20 வரிய காட்டுங்க"ன்னு கேட்டு ஒவ்வொரு வரியா படிச்சான். படிச்சுட்டு "இதுல என்னண்ணே இருக்கு, பேர் வெச்சிருக்கீங்க, அவ்வளவுதானே"ன்னான். மேல பேசி என் மெஷின்ல மட்டும் அந்த கட்டாயத்த எடுத்து விட்டாங்க. ரெண்டு மாச வேலை, கால் மணி நேரத்துல முடிஞ்சுது.

விண்டோஸ்லயும் இந்த மாதிரி மறுப்பு நிறைய வரும். பவர்ஷெல்ங்கற இன்னொரு கட்டளை ஜன்னல்ல ஸ்கிரிப்ட் ஓட்டினா இந்த சிஸ்டத்துல ஸ்கிரிப்ட் ஓட்ட தடைன்னு சொல்லும், அது விண்டோஸோட வழக்கமான பூட்டுதான், ஆபீஸ் பாலிசியில இருந்து வந்ததா இல்ல சும்மா இருக்கறதான்னு கெட் எக்சிக்யூஷன்பாலிசி லிஸ்ட் போட்டு பாத்தா தெரியும், பாலிசின்னா நாம நோண்டக் கூடாது, கேட்டு வாங்கணும். இன்டர்நெட்ல இருந்து வந்த எக்செல் மேக்ரோவ, அதாவது ஃபைலுக்குள்ள இருக்கற குட்டி புரோகிராம, 2022ல இருந்து ஆபீஸே தடுத்து வெக்குது, நம்பற ஆள் அனுப்பினதுன்னா ஃபைல் மேல நின்னு ஆல்ட் என்டர் அடிச்சு பிராப்பர்ட்டீஸ்ல அன்பிளாக்ங்கற செக் பாக்ஸ தேடுங்க. இதெல்லாம் கண்ணு தெரிஞ்சவங்களுக்கும் வர்ற தொல்லைதான். எங்களுக்கு வந்தா மட்டும் "ஸ்கிரீன் ரீடர் போட்டிருக்கீங்கல்ல, அதான்"னு பழி எங்க பக்கம் வந்துடுது, அதுதான் எரிச்சல்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 17ஆவது பிரிவுல பாடத்திட்டத்துலயும் பரீட்சையிலயும் எங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தங்கள் பண்ணணும்னு இருக்கு. 2025 ஏப்ரல் 30 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்டு டிஜிட்டல் வசதிய அணுகறது வாழ்வுரிமையில அடக்கம்னே சொல்லிடுச்சு. நான் கேக்கறது அவ்வளவு பெருசு கூட இல்லைங்க. பிராக்டிகல்ல ஐடில்தான்னு அடம் பிடிக்காம நோட்பேடும் கமாண்டு பிராம்ப்டும் வெச்சுக்க விடணும், லேப்ல ஒரே ஒரு மெஷின்லயாவது என்விடிஏவ முறையா இன்ஸ்டால் பண்ணி ஒரு ஹெட்போன் வெக்கணும். காசா பணமா?

அப்புறம் உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். அடுத்த கல்வி இணைப்புல அந்த வரிய திருத்திப் போடுங்க, சின்ன எழுத்துல போட்டாலும் பரவாயில்ல, ஏன்னா அத நம்பி பொண்ண வேற குரூப்புக்கு மாத்தற அப்பா அம்மா இருப்பாங்க, எனக்கே ரெண்டு பேர் தெரியும். பாப்பா இப்ப பைத்தான்ல டிக்ஷனரிங்கற பாடத்துல இருக்கா, சுருள் அடைப்பு எது சதுர அடைப்பு எதுன்னு நைட்டு நைட்டு போன் வருது.

ரெண்டாவது, உங்க ஈ-பேப்பர் முழுக்க படமா இருக்குங்க. அதனாலதான் தோசைய விட்டுட்டு எங்க வீட்டுல படிச்சுக் காட்ட வேண்டியிருக்கு. இந்த லெட்டர போட்டீங்கன்னா தயவு செஞ்சு வெப்சைட்லயும் எழுத்தா போடுங்க, இல்லேன்னா நான் எழுதினத நானே படிக்க முடியாது.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
திருச்சி மாவட்டம்.